குற்ற உளவியல் படிக்க வருகிறவர்களுக்கு

நான் எழுதிய முதல் அறிக்கையில் ஒரு வரி இருந்தது: "சிறுவன் முரட்டுச் சுபாவம் உடையவன்." பையனுக்குப் பதினேழு வயது. வழக்கில் சிக்கிய சிறாரை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்தில் அவனோடு மூன்று நாள் உட்கார்ந்து பேசியிருந்தேன். என் வழிகாட்டிப் பேராசிரியர் அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டுவிட்டு, "இது உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். அந்த மூன்று நாளில் அவன் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தியதில்லை. காவல் நிலையக் குறிப்பில் நான் படித்த சொல் அது. எனக்கே தெரியாமல் என் கையெழுத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. "மாஜிஸ்திரேட் இதைப் படிப்பார். நீ கண்ணால பாத்து எழுதினதுன்னு நம்பிப் படிப்பார்" என்றார் மேடம்.

ஆண்டுதோறும் பிளஸ் டூ முடிவு வந்ததும், "அக்கா, குற்ற உளவியல் படிக்கணும், என்ன செய்யணும்?" என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தப் பென்சில் கோட்டைத்தான். இன்னொரு மனிதரைப் பற்றி ஒரு வரி எழுதும் தகுதியைச் சம்பாதிப்பதற்கான படிப்பு இது. அதற்கு ஐந்தாறு ஆண்டு ஆகும். என்னென்ன வழியாகப் போக வேண்டும், எங்கே வழி தவறும் என்று எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

1. பெயர்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

விண்ணப்பம் போடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. ஒரே கொலை வழக்குக்கு நான்கு துறைக்காரர்கள் நான்கு கேள்வியோடு வருவார்கள். குற்றவியல் படித்தவர், இந்த வட்டாரத்தில் இந்த வகைக் குற்றம் ஏன் கூடுகிறது, காவல்துறையும் நீதிமன்றமும் சிறையும் அதை எப்படிக் கையாள்கின்றன என்று கேட்பார். தடய அறிவியல் படித்தவர் ரத்தக்கறை, கைரேகை, நஞ்சு, தோட்டா என்று பொருட்களைப் பார்ப்பார். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்பும் படித்தவர். நோய் உண்டா என்று பார்த்து மருந்து தருவார். குற்ற உளவியல் படித்தவருக்கோ, பார்த்ததாகச் சொல்லும் சாட்சியின் நினைவு எவ்வளவு தாங்கும், விசாரணையில் கேட்ட விதம் பதிலை மாற்றியதா, குற்றம் செய்தவர் திரும்பச் செய்யும் வாய்ப்பு எவ்வளவு, அதைக் குறைக்க என்ன செய்யலாம் என்பவை கேள்விகள்.

இந்தப் பிரிவினை தெரியாமல் தடய அறிவியலில் சேர்ந்து, முதல் ஆண்டே வேதியியல் ஆய்வகத்தில் நின்று விழிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அது நல்ல படிப்புதான். மனிதரோடு பேச விரும்பி வந்தவருக்கு உரியதல்ல. நான்கு கேள்விகளில் எது இரவில் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறதோ, அதன் துறைக்குப் போங்கள்.

2. இளநிலையில் உளவியலையே எடுங்கள்

'குற்ற உளவியல்' என்றே பெயரிட்ட இளநிலைப் பட்டத்தைத் தேடி அலைய வேண்டாம். பி.எஸ்சி. அல்லது பி.ஏ. உளவியல் போதும். அடித்தளம் அதுதான். நினைவு, உணர்வு, குழந்தை வளர்ச்சி, மனநோய், சமூக உளவியல், புள்ளியியல் ஆகியவை இல்லாமல் குற்ற உளவியல் நிற்காது. பல கல்லூரிகள் பிளஸ் டூவில் எந்தக் குரூப் எடுத்தவரையும் இதில் சேர்க்கின்றன. விவரக் கையேட்டில் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சட்டமோ சமூகப்பணியோ முடித்துவிட்டு வருகிறவர்களுக்குக் குற்றவியல் முதுநிலையின் கதவு திறந்தே இருக்கும். ஆனால் உளவியல் சோதனை நடத்துவது, மனநல மதிப்பீடு எழுதுவது என்ற பக்கம் போக நினைத்தால் இளநிலையில் உளவியல் இல்லாதது பின்னால் வந்து தடுக்கும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. முன்பெல்லாம் வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் உளவியல் பட்டம் வாங்கியவர்கள் நம்மிடையே ஏராளம். 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) அறிவித்திருக்கிறது. சுகாதாரத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உளவியல் வருவதுதான் காரணம். இனியும் யாராவது "வீட்டிலிருந்தே சைக்காலஜி டிகிரி" என்று விளம்பரம் செய்தால் பணம் கட்டும் முன் யு.ஜி.சி. தளத்தைத் திறந்து பாருங்கள். 'ஆறு வாரத்தில் கிரிமினல் புரொஃபைலர்' சான்றிதழ்களுக்கும் இதையே சொல்வேன். ஆர்வத்துக்குப் படிக்கலாம், அதை வைத்துக்கொண்டு ஒருவரைப் பற்றியும் அறிக்கை எழுத முடியாது.

3. புள்ளியியலைக் கண்டு ஓடாதீர்கள்

"கணக்கு வேண்டாம் என்றுதானே உளவியலுக்கு வந்தேன்" என்று அழுத தோழி எனக்கு உண்டு. அரியர் விழுவதும் பெரும்பாலும் இந்தத் தாளில்தான். ஆனால் இந்தத் துறையில் நியாயத்தின் கருவியே புள்ளியியல். ஒரு சோதனை 100 பேரில் 90 பேரைச் சரியாகப் பிரிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆயிரம் பேரில் பத்துப் பேர்தான் உண்மையில் ஆபத்தானவர்கள் என்றால், அந்தச் சோதனை அந்தப் பத்தில் ஒன்பது பேரைப் பிடிக்கும். கூடவே மற்ற 990 பேரில் 99 பேரையும் ஆபத்தானவர் என்று சுட்டும். 108 பேருக்கு முத்திரை குத்தினால் அவர்களில் 99 பேர் தவறாக முத்திரை வாங்கியவர்கள். இந்தக் கணக்கைத் தாளில் ஒருமுறை போட்டுப் பார்த்த மாணவர், அதன் பிறகு 'சோதனையில் தெரிந்தது' என்று சுலபமாகச் சொல்ல மாட்டார்.

ஹேர் என்ற கனடா நாட்டு உளவியலாளர் உருவாக்கிய, இரக்கமோ குற்ற உணர்வோ இல்லாத ஆளுமையை (சைக்கோபதி) அளக்கும் அளவை இணையத்தில் அரைகுறையாகச் சுற்றுகிறது. அதில் 20 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2, மொத்தம் 40. பயிற்சி பெற்றவர் நேரில் நீண்ட நேரம் பேசி, வழக்கு ஆவணங்களையும் படித்த பிறகுதான் மதிப்பெண் போடுவார். கூடப் படிக்கிறவர், பக்கத்து வீட்டுக்காரர், பழைய காதலர் என்று ஆள் பிடித்து மதிப்பெண் போடும் பழக்கத்தை முதல் ஆண்டிலேயே விட்டுவிடுங்கள்.

4. நினைவையும் சொல்லையும் ஆழமாகப் படியுங்கள்

இளநிலையில் ஒரே ஒரு பகுதியில் ஊறிப்போக வேண்டும் என்றால் அது சாட்சியின் நினைவு. 1974இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் வெளியிட்ட ஆய்வு உங்கள் பாடத்தில் கட்டாயம் வரும். மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் காட்டினார்கள். பிறகு சிலரிடம் கார்கள் 'இடித்துக்கொண்டபோது' என்ன வேகம் என்று கேட்டார்கள். சிலரிடம் 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் என்று கேட்டார்கள். கடுமையான சொல்லைக் கேட்டவர்கள் கூடுதல் வேகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. கடுமையான சொல் கேட்ட 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். மற்றச் சொல் கேட்ட 50 பேரில் அப்படிச் சொன்னவர்கள் 7 பேர். கேள்வியில் இருந்த ஒரு வினைச்சொல் நினைவுக்குள் கண்ணாடித் துண்டுகளைக் கொட்டிவிட்டது.

இதைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டுப் போகாதீர்கள். நம் மொழியில் உரசியது, தட்டியது, இடித்தது, மோதியது, அடித்துத் தூக்கியது என்று எத்தனை சொல்! பைக்கும் ஆட்டோவும் முட்டிக்கொள்ளும் ஒரு நிமிடக் காட்சியை வைத்து இந்த ஐந்து சொல்லோடு ஆய்வு செய்தால் அருமையான இளநிலை புராஜெக்ட். என் மாணவர்களிடம் நான் தொடர்ந்து கேட்பது இதைத்தான்.

நான் வேலைக்கு வந்த பிறகுதான் இதன் முழு எடை புரிந்தது. ஊரில் ஒரு அம்மா, "அவன் தான் அடிச்சானாம்" என்று சொல்வார். அந்த 'ஆம்' இருக்கிறதே, 'நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன்' என்று அவர் நேர்மையாகச் சொல்லிவிட்டார். எழுத்தில் அது "அவர் அடித்தார்" என்று ஆகிவிடும். கேட்டவர் பார்த்தவர் ஆகிவிடுவார். பேச்சுத் தமிழிலிருந்து எழுத்துத் தமிழுக்கும், அங்கிருந்து ஆங்கிலத்துக்கும் போகும் வாக்குமூலத்தில் இப்படி உதிர்ந்துபோகும் துகள்கள் பல. அதேபோல் பையன் ஒருவன் "கோவம் வந்துச்சு" என்கிறான். கோபம் எங்கிருந்தோ வந்தது போலத்தான் நம் மொழியே சொல்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு 'பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறான்' என்று எழுதினால் இலக்கணத்தைக் குற்றமாக்கியவர்கள் ஆவோம். "எம்மேல சாமி வரும்" என்று ஒரு பெண் சொன்னால், வெளிநாட்டுப் பாடநூலைத் திறந்து அறிகுறி தேடும் முன், அவர் ஊர்த் திருவிழாவில் யார்மேல் எல்லாம் சாமி வரும் என்று கேளுங்கள்.

அதனால் குறிப்பு எடுக்கும்போது அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே எழுதும் பழக்கத்தை முதல் ஆண்டிலிருந்தே கொண்டுவாருங்கள். உங்கள் கருத்தை அடுத்த பத்தியில், உங்கள் கருத்து என்று தெரியும்படி எழுதுங்கள்.

5. சட்டம் கொஞ்சம் தெரிய வேண்டும்

வழக்கறிஞர் ஆக வேண்டியதில்லை. உங்கள் துறையைத் தொடும் இடங்கள் தெரிந்தால் போதும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. பழைய நூல்களில் 84ஆம் பிரிவு என்று படிக்கும் 'சித்தம் சரியில்லாதவர் செய்த செயல்' இப்போது 22ஆம் பிரிவு. இதன் வேர் 1843ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மெக்நாட்டன் என்பவர் பிரதமரின் செயலாளரைச் சுட்ட வழக்கில் இருக்கிறது. மனநோய் இருப்பது மட்டும் போதாது. அந்தச் செயலைச் செய்த நேரத்தில் தான் என்ன செய்கிறோம், அது தவறு என்று அறிய முடியாத நிலை இருந்ததா என்பதே சட்டத்தின் கேள்வி. மருத்துவக் கேள்வியும் சட்டக் கேள்வியும் வேறு வேறு என்பது இங்கே புரியும்.

2010 மே 5 அன்று செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை முழுதாகப் படியுங்கள். ஒருவரின் சம்மதம் இல்லாமல், மருந்து ஏற்றி அரை மயக்கத்தில் கேள்வி கேட்கும் நார்கோ பரிசோதனை, உண்மை கண்டறியும் சோதனை, மூளை அலைப் பதிவு ஆகியவற்றைச் செய்யக் கூடாது. அது தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்துவது என்று நீதிமன்றம் சொன்னது. அந்தச் சோதனைகள் எப்படி வேலை செய்கின்றன, எங்கே பிழைக்கின்றன என்பதும் அந்தத் தீர்ப்பிலேயே விரிவாக இருக்கிறது. ஒரு பாடநூலுக்குச் சமம்.

இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 15ஆம் பிரிவு அடுத்தது. 16 வயது நிறைந்த சிறுவர் கொடுங்குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்டால், அதைச் செய்யும் மன, உடல் திறனும் விளைவை உணரும் ஆற்றலும் அவருக்கு இருந்தனவா என்று இளைஞர் நீதிக் குழுமம் முதற்கட்ட மதிப்பீடு செய்யும். அதைப் பொறுத்து, வயது வந்தவர் போல அவரை விசாரிக்கலாமா என்பது முடிவாகும். குழுமத்தில் உளவியல் அறிந்தவர் இல்லாதபோது உளவியலாளரின் உதவியைப் பெற்றே ஆக வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாளை அந்த நாற்காலியில் உட்காரப்போகிறவர் நீங்களாக இருக்கலாம். அதே 2022இல் மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில், மரண தண்டனைக்கு முன் குற்றவாளியின் வாழ்க்கைப் பின்னணியையும் உளவியல் மதிப்பீட்டையும் நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. ஒரு வரியின் எடை என்ன என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம்.

6. ஆளைப் பார்த்து எடை போடும் ஆசை

இந்தப் படிப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேரை இழுத்து வருவது இந்த ஆசைதான்: குற்றம் நடந்த இடத்தைப் பார்த்தே செய்தவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடுவது. இதில் அறிவியல் இருக்கிறது. 1980களில் லண்டனில் ரயில் நிலையங்களை ஒட்டி நடந்த தொடர் வன்கொடுமை, கொலை வழக்கில் டேவிட் கேன்டர் என்ற உளவியலாளர் தந்த கணிப்பு காவல்துறைக்கு உதவியது. அவர் பார்த்தது பெரும்பாலும் இடங்களையும் தேதிகளையும். குற்றங்களின் பரப்பிலிருந்து குற்றவாளி குடியிருக்கும் பகுதியை ஊகித்தார். ஆனால் 1992இல் விம்பிள்டன் பொதுவெளியில் ஒரு இளம்பெண் கொல்லப்பட்டபோது, கணிப்புக்குப் பொருந்துகிறார் என்று கோலின் ஸ்டாக் என்பவரைக் குறிவைத்தார்கள். ஒரு பெண் காவலரைக் காதலி போலப் பழகவிட்டு வாக்குமூலம் வாங்கப் பார்த்தார்கள். அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. 1994இல் நீதிபதி வழக்கைத் தூக்கி எறிந்தார். உண்மையில் கொன்றவர் வேறொருவர் என்பது 2008இல்தான் நீதிமன்றத்தில் உறுதியானது.

நமக்கு இது புதிய கதையே அல்ல. சிலப்பதிகாரத்தில் கோவலனைப் பார்த்த காவலர்கள், 'இவன் தோற்றம் கள்வன் தோற்றமாக இல்லையே, கொலைக்கு உரியவன் அல்லன்' என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் அங்கே நிபுணன் ஆகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர்களின் எட்டு உபாயங்களை அடுக்கி, இவன் பலே கள்வன் என்று நிறுவுகிறான். அந்தக் காவலர்களில் கல்லாத ஒருவன் வாளை வீசிவிடுகிறான். கவனியுங்கள், பொற்கொல்லன் சொன்னதில் நூல் அறிவு நிறைய இருந்தது. கண்ணெதிரே நின்ற மனிதனைப் பற்றிய ஒரு சான்றுகூட இல்லை. அவன் பொய்யன் என்பது வேறு. அவனிடம் யாரும் 'உனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்கவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

இதே ஆசை அரசுக் கையில் சட்டமானதும் உண்டு. 1876இல் லொம்ப்ரோசோ என்ற இத்தாலிய மருத்துவர், சிலர் பிறவியிலேயே குற்றவாளிகள், மண்டையோட்டையும் முகத்தையும் பார்த்தே சொல்லலாம் என்றார். பாடநூலில் இது 'பழைய கோட்பாடு' என்று இரண்டு பத்தியில் முடியும். ஆனால் அதற்கு ஐந்து ஆண்டு முன்பே, 1871இல், ஆங்கிலேய அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தை இந்தியாவில் கொண்டுவந்துவிட்டது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியில் பிறந்ததாலேயே கைரேகை பதிய வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும். உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் கைரேகை பதிய மறுத்த பிரமலைக் கள்ளர்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. 16 பேர் இறந்தார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். மாகாணத்தில் 1947இல்தான் சட்டம் நீங்கியது. இன்று சீர்மரபினர் என்ற பட்டியலில் இருக்கும் சமூகங்கள் பல இந்த முத்திரையைச் சுமந்தவை. 'குற்றம் பரம்பரையா, சூழலா' என்ற பாடம் வகுப்பில் வரும்போது இதை எழுந்து சொல்லுங்கள். நம் மண்ணில் அது வெறும் விவாதத் தலைப்பு அல்ல.

7. முதுநிலை: மூன்று கிளைகள்

இங்கே வழி மூன்றாகப் பிரியும். முதலாவது குற்றவியல். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் இதற்கெனத் தனித் துறைகள் இருக்கின்றன. சைபர் குற்றவியல் என்ற உட்பிரிவுக்குப் பெயர் தந்து வளர்த்த ஜெய்சங்கர் பணியாற்றியது நெல்லையில்தான். சிறை, நன்னடத்தை, பாதிக்கப்பட்டோர் உரிமை, ஆராய்ச்சி என்று போக விரும்புகிறவர்களுக்கு ஏற்றது.

இரண்டாவது தடயவியல் உளவியல். குஜராத்தில் காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் இதில் முக்கியமானது. குஜராத் மாநிலப் பல்கலைக்கழகமாக இருந்தது 2020இல் தேசிய நிறுவனமானது. சேர்க்கைக்குத் தனி நுழைவுத் தேர்வு. தூரம், மொழி, செலவு மூன்றையும் வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போங்கள்.

மூன்றாவது மருத்துவ உளவியல். மனநோய் உள்ளவரை மதிப்பிட்டு, சிகிச்சை தந்து, நீதிமன்றத்தில் அந்தத் தகுதியோடு நிற்க வேண்டும் என்றால் இதுதான் வழி. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு வேண்டும். அது இல்லாமல் மருத்துவ உளவியலாளர் என்று பலகை மாட்ட முடியாது. நெடுங்காலமாக எம்.ஃபில். பட்டம்தான் இதற்கு வாயில். புதிய கல்விக் கொள்கையில் எம்.ஃபில். நீங்குவதால் விதிகள் மாறிக்கொண்டிருக்கின்றன. சீனியர் சொன்னார் என்று நம்பாமல், மன்றத்தின் தளத்தில் அந்த ஆண்டின் அறிவிப்பையும் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலையும் பாருங்கள்.

எந்தக் கிளைக்குப் போனாலும், சேரும் முன் அந்தத் துறையில் இப்போது படிக்கும் இரண்டு மாணவர்களைப் பிடித்துப் பேசுங்கள். சிறைக்கோ நீதிமன்றத்துக்கோ உண்மையில் அழைத்துப் போகிறார்களா, எத்தனை நாள், கூட யார் வருகிறார், அறிக்கையைத் திருத்தித் தருகிறார்களா? கட்டடத்தைவிட இந்தப் பதில்கள் முக்கியம்.

8. களம்

காசு செலவில்லாத முதல் பயிற்சி நீதிமன்றம். அமர்வு நீதிமன்ற விசாரணை பொதுவாக யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கக்கூடியது. குழந்தைகள்மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்கும் சிறார் வழக்கும் மூடிய அறையில் நடக்கும். அங்கே எட்டிப் பார்க்காதீர்கள். செல்போனை அணைத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் ஒரு வாரம் உட்காருங்கள். குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர் கேட்கும் கேள்வி சாட்சியின் பதிலை எப்படித் திருப்புகிறது என்று பாருங்கள். லாஃப்டஸின் ஆய்வு உயிரோடு நடக்கும்.

சிறைக்கும் கூர்நோக்கு இல்லத்துக்கும் அனுமதி வாங்க நாளாகும். துறைத் தலைவர் கையெழுத்தோடு, எதற்காக, எத்தனை நாள், யாரிடம் என்ன கேட்கப்போகிறோம், தகவலை எப்படிப் பாதுகாப்போம் என்று கடிதம் எழுத வேண்டும். கேள்விப் பட்டியலையும் இணையுங்கள். புராஜெக்ட் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே கொடுங்கள். கடைசி வாரத்தில் ஓடினால் கிடைக்காது.

உள்ளே போனதும் ஒன்றை மறக்காதீர்கள். 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர்மீது குற்றம் நிரூபிக்கப்படவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவரைக் 'குற்றவாளி' என்று உங்கள் கேள்வித்தாள் அழைத்தால் அதை முதலில் திருத்துங்கள். வழக்கைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். அவர் சொல்வது அவருக்கே எதிராகத் திரும்பலாம். வீட்டுக்குச் செய்தி சொல்லுங்கள், பீடி வாங்கித் தாருங்கள் என்று கேட்பார்கள். மனம் கசிந்தாலும் செய்யக் கூடாது. கேட்டதை நல அலுவலரிடம் தெரிவிக்கலாம். அதை அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

9. வேலை

நேராகச் சொல்லிவிடுகிறேன். காவல்துறையில் 'குற்றவாளியின் மனத்தைப் படிப்பவர்' என்ற பதவி வரிசையாகக் காத்திருக்கவில்லை. இருப்பவை: மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஆற்றுப்படுத்துநர், சிறையில் உளவியலாளர், நல அலுவலர், நன்னடத்தை அலுவலர், குடும்ப நீதிமன்ற ஆலோசகர், பாதிக்கப்பட்ட பெண்களுக்கான மையங்களில் ஆலோசகர், போக்சோ வழக்குகளில் குழந்தைக்குத் துணைநிற்கும் உதவி நபர், போதை மீட்பு மையம், தன்னார்வ நிறுவனம், தடய அறிவியல் ஆய்வகத்தில் சில இடங்கள். இவற்றில் பல தொகுப்பூதியம். ஆற்றுப்படுத்துநர் என்ற சொல்லில் ஆற்றுப்படையின் வாசனை இருக்கிறது, வழி தெரிந்தவர் வழி தேடுகிறவரை அனுப்பிவைப்பது. சம்பளம் அந்தப் பெயருக்கு ஈடாக இல்லை என்பது என் மனக்குறை.

கற்பிக்கும் பக்கம் போவதானால் யு.ஜி.சி. நெட் என்ற தகுதித் தேர்வு. உளவியலுக்குப் பாட எண் 04, குற்றவியலுக்கு 68, தடய அறிவியலுக்கு 82. உங்கள் முதுநிலை எந்தத் தாளுக்குப் பொருந்தும் என்று சேரும்போதே பார்த்துவிடுங்கள்.

பிரிட்டனில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. அங்கே 'தடயவியல் உளவியலாளர்' என்பது சட்டம் காக்கும் பட்டம்; சுகாதாரத் தொழிலர்களைப் பதிவுசெய்யும் ஹெச்.சி.பி.சி. மன்றத்தின் பதிவு இல்லாமல் போட்டுக்கொள்ள முடியாது. பிரிட்டிஷ் உளவியல் சங்கம் அங்கீகரித்த இளநிலை, பிறகு அங்கீகரித்த முதுநிலை, அதற்குப் பிறகு மேற்பார்வையோடு ஆண்டுக்கணக்கில் பயிற்சி. வேறு துறையில் பட்டம் வாங்கியவர்களுக்கு ஓராண்டு மாற்றுப் படிப்பு உண்டு. அங்கே சிறைத்துறையே பயிற்சி உளவியலாளர்களை வேலைக்கு எடுக்கிறது.

10. உங்கள் மனம்

"பொம்பளைப் புள்ள ஜெயிலுக்குப் போய் என்ன படிப்பு?" என்று என் அம்மா கேட்டார். அவர் பயந்தது வெளியிலிருந்து வரும் ஆபத்துக்கு. அப்படி எதுவும் நடக்கவில்லை. நடந்தது வேறு. ஒரு குழந்தை சொன்னதைக் கேட்டுவிட்டு வந்த நாளில் சாப்பாடு இறங்கவில்லை. யாரிடமும் சொல்ல முடியாது. வழக்கின் ரகசியம் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வரக் கூடாது. பிறகு சில மாதம் தெருவில் குழந்தையோடு நடக்கும் ஆண்களை எல்லாம் சந்தேகமாகப் பார்த்தேன். இது துறையில் எல்லோருக்கும் வருவது. பலவீனம் என்று மறைத்தவர்கள் சீக்கிரம் வேலையை விட்டுப் போனார்கள்.

மருந்து என்று ஒன்று எனக்குத் தெரியும்: மேற்பார்வையாளரோடு வாரம் ஒரு மணி நேரம். வழக்கை அவரிடம் சொல்லலாம், அழலாம், எழுதிய அறிக்கையைக் காட்டலாம். எனக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைத்தது. முதல் அறிக்கையில் அந்தப் பையனைப் பற்றிய வரியை அடித்துவிட்டு, "மூன்று நாள் நேர்காணலில் சிறுவன் குரல் உயர்த்தவில்லை, கேட்ட கேள்விகளுக்குத் தயங்கித் தயங்கிப் பதில் சொன்னான், தந்தையைப் பற்றிய இரண்டு கேள்விகளுக்கு மட்டும் பேசாமல் இருந்தான்" என்று எழுதியது அந்த அறையில்தான். சேர்க்கைக்குப் போகும் நாளில் கட்டண ரசீது வாங்கும் முன் துறையில் கேளுங்கள்: களப்பயிற்சிக் காலத்தில் வாரம் ஒரு மணி நேரம் எங்களோடு உட்கார யார் இருக்கிறார், அவர் பெயர் என்ன?